லினக்ஸ் மிண்ட் போட்டாச்சு, அடுத்து எந்த செட்டிங்ஸ முதல்ல தொடணும்? டெர்மினல் இல்லாம முழு செட்டப், வரிசைப்படி

மிண்ட் இன்ஸ்டால் பண்ணித் தர்றது அரைமணி நேர வேலை, ஆனா ரெண்டு நாள் கழிச்சு போன் வரும். "அண்ணா ஸ்க்ரீன் கறுப்பா நிக்குது", "அண்ணா பாஸ்வேர்ட் போட்டா மறுபடியும் பாஸ்வேர்டே கேக்குது", "டி டிரைவ்ல எதையும் சேவ் பண்ண முடியல". போய்ப் பாத்தா எல்லார் கதையும் ஒண்ணுதான், முதல்ல தீமும் வால்பேப்பரும் மாத்தியிருப்பாங்க, அப்புறம் டிரைவர், அப்புறம் யாரோ சொன்ன பிபிஏ (வெளியாட்கள் நடத்துற சாஃப்ட்வேர் சோர்ஸ்), எல்லாம் போன பிறகுதான் சிஸ்டத்தை பழைய நிலைக்குத் திருப்புற டைம்ஷிஃப்ட்னு ஒரு டூல் இருக்கிறதே தெரிய வரும். டூல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தொடுற வரிசைதான் தப்பாகுது. அதனால இதுல வரிசையைத்தான் எழுதியிருக்கேன்.

நான் எடுத்துக்கிட்டது லினக்ஸ் மிண்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப். உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் வரும். 22.1, 22.2னு போகப் போக ஒண்ணு ரெண்டு ஐகான் இடம் மாறியிருக்கலாம், மெனுவைத் திறந்து டூல் பேரை டைப் பண்ணினா வந்துடும்.

1. உக்காரதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

இன்ஸ்டால் பண்ணின அந்த பென்டிரைவ் அப்படியே இருக்கணும். வேலை முடிஞ்சிடுச்சுன்னு அதுல உடனே படம் ஏத்தாதீங்க. சிஸ்டம் பூட்டே ஆகலன்னா உள்ள போக கடைசி வழி அதுதான், மீட்டுத் தர்ற டைம்ஷிஃப்ட்டும் அதுலயே இருக்கு.

போனும் டேட்டா கேபிளும் வேணும். வைஃபை டிரைவர் வராத லேப்டாப்ல டிரைவரை டவுன்லோட் பண்ண நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும், இந்தச் சுத்தல்லதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. போனை கேபிள்ல செருகி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணினா அது லேன் கேபிள் மாதிரி வேலை செய்யும், டிரைவர் எதுவும் கேக்காது. சில சார்ஜர் கேபிள்ல டேட்டா லைனே இருக்காது, அதை முதல்லயே பாத்துக்கோங்க.

ரூட் பார்ட்டிஷன்ல (மிண்ட் உக்காந்திருக்கிற பார்ட்டிஷன்) 40 ஜிபியாவது காலியா இருந்தா நிம்மதி. மிண்ட் சொல்ற குறைந்தபட்சம் 20 ஜிபி, அதை நம்பி பார்ட்டிஷன் போட்டவங்க அடுத்த மாசமே டைம்ஷிஃப்ட் எடுக்கிற ஸ்நாப்ஷாட்டை (சிஸ்டத்தோட நகல்) வைக்க இடமில்லாம நிப்பாங்க.

லேப்டாப்னா சார்ஜர்ல போட்டுட்டு ஆரம்பிங்க. அப்டேட் பாதியில பவர் போறதுதான் இருக்கிறதுலயே கேவலமான விபத்து.

2. பாஸ்வேர்ட் கேக்குதா இல்லையா, அதைக் கவனிங்க

சிஸ்டம் செட்டிங்ஸ் ஜன்னலைத் திறந்தா அம்பது ஐகான் இருக்கும், எது விளையாட்டு எது வினைனு பாத்தா தெரியாது. இதுக்கு சுலபமான அடையாளம் ஒண்ணு இருக்கு. பாஸ்வேர்ட் கேக்காம மாறுற செட்டிங்னா அது உங்க யூசருக்கு மட்டும், உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள எழுதப்படுது. தீம், பேனல், கீபோர்ட் ஷார்ட்கட் எல்லாம் இந்த வகை, என்ன குழப்பினாலும் மெஷின் பூட் ஆகும். பாஸ்வேர்ட் கேட்டா அது மொத்த சிஸ்டத்தையும் தொடுது. டிரைவர், சாஃப்ட்வேர் சோர்ஸஸ், யூசர்ஸ், ஃபயர்வால், டிஸ்க் மவுண்ட் எல்லாம் அங்க.

எதை எப்படித் திருப்புறதுங்கிறதும் இதை வச்சுத்தான். பாஸ்வேர்ட் கேட்ட வகையை டைம்ஷிஃப்ட் பெரும்பாலும் திருப்பிடும். கேக்காத வகையை திருப்பாது, ஏன்னா ஹோம் ஃபோல்டரை அது தொடறதில்ல. பேனல் காணாம போச்சுன்னு டைம்ஷிஃப்ட் ரீஸ்டோர் போட்டுட்டு ஒண்ணும் மாறலையேன்னு முழிச்சவங்களைப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, டூல் தானா பாஸ்வேர்ட் கேக்கும்போது மட்டும் குடுங்க. எங்கயோ படிச்சிட்டு ஃபைல் மேனேஜரையோ எடிட்டரையோ டெர்மினல்ல சூடோ (அட்மின் அதிகாரத்துல ஓட்டுற கமாண்ட்) போட்டு திறக்காதீங்க. ஹோம் ஃபோல்டர்ல இருக்கிற சில ஃபைல்கள் ரூட்ங்கிற அட்மின் யூசர் பேருக்கு மாறிப்போயிடும், அடுத்த தடவை லாகின் ஸ்க்ரீன்ல பாஸ்வேர்ட் சரியா போட்டாலும் உள்ள போகாம அங்கயே திரும்பி வந்து நிக்கும். மேல சொன்ன ரெண்டாவது போன்கால் இதுதான்.

3. முதல் வேலை: டைம்ஷிஃப்ட்

மெனுவுல டைம்ஷிஃப்ட் திறங்க, கேக்குற கேள்விகளுக்கு பதில் இப்படி:

ஸ்நாப்ஷாட் டைப்: ஆர்சிங்க். இன்ஸ்டால் பண்றப்ப நீங்களா தேடிப்போய் பிடிஆர்எஃப்எஸ்ங்கிற டிஸ்க் ஃபார்மட்டை தேர்ந்தெடுக்கலன்னா உங்க டிஸ்க் ஃபார்மட் எக்ஸ்ட்4, அதுல ஆர்சிங்க்தான் ஓடும்.

லொகேஷன்: எக்ஸ்ட்4 மாதிரி லினக்ஸ் பார்ட்டிஷன்தான் எடுக்கும். விண்டோஸுக்கும் சேத்து வச்சிருக்கிற என்டிஎஃப்எஸ் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை குடுத்தா வேண்டாம்னு சொல்லிடும், லினக்ஸ் பர்மிஷன்களையும் ஹார்ட்லிங்க்கையும் அதுல நம்பி வைக்க முடியாதுங்கிறதால. வேற டிஸ்க் இல்லன்னா அதே டிஸ்க்லயே வைங்க, பரவாயில்ல. டிஸ்க் செத்தா ஸ்நாப்ஷாட்டும் கூடவே போகும், ஆனா நாம பயப்படுறது நம்ம கையால பண்ற தப்புக்குத்தானே, அதுக்கு இது போதும்.

லெவல்: டெய்லி 2, வீக்லி 1. அதுல இருக்கிறபடியே டெய்லி 5, பூட் 5னு எல்லாத்தையும் டிக் பண்ணி வச்சா சின்ன எஸ்எஸ்டி ரொம்பிடும். முதல் ஸ்நாப்ஷாட் மட்டும் சிஸ்டம் அளவுக்கு இடம் எடுக்கும், அடுத்தடுத்து வர்றது மாறின ஃபைலுக்கு மட்டும்தான், ஆனாலும் அப்டேட் குவிய குவிய அது ஏறிக்கிட்டேதான் போகும்.

ஹோம் ஃபோல்டர்: எக்ஸ்க்ளூட்லயே விட்டுடுங்க. "எல்லாம் பேக்கப் ஆகட்டுமே"ன்னு இன்க்ளூட் ஆல் போடுறதுதான் புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு. போன வாரத்து ஸ்நாப்ஷாட்டுக்கு திரும்பினா உங்க டாகுமெண்ட்டும் போன வாரத்துக்கே போயிடும், நேத்து எழுதினது காலி. டாகுமெண்ட், போட்டோவுக்கு வேற டிஸ்க்ல தனி பேக்கப் வைங்க, அந்த வேலைக்கு டைம்ஷிஃப்ட் ஆகாது.

ஃபினிஷ் குடுத்ததும் கிரியேட் பட்டனை அமுக்கி முதல் ஸ்நாப்ஷாட்டை கையாலயே எடுங்க, செட்டிங் முடிஞ்சா தானா எடுத்துக்கும்னு விட்டுட்டு அடுத்த படிக்கு போகாதீங்க. கமெண்ட் கட்டத்துல "புது இன்ஸ்டால்"னு எழுதி வைங்க, தேதி மட்டும் இருந்தா மூணு மாசம் கழிச்சு எது எதுன்னே தெரியாது.

4. மிரர்: சாஃப்ட்வேர் சோர்ஸஸ்

அப்டேட்டுக்கு முன்னாடி மிரரை, அதாவது பேக்கேஜ் இறங்குற சர்வரை, மாத்தணும், ஏன்னா முதல் அப்டேட்லயே நூத்துக்கணக்குல பேக்கேஜ் இறங்கும், அதை தூரத்து சர்வர்ல இருந்து இழுத்தா சாயங்காலம் ஆயிடும். சாஃப்ட்வேர் சோர்ஸஸ் திறந்தா மெயின், பேஸ்னு ரெண்டு வரி இருக்கும். மெயின்னா மிண்ட் தர்றது, பேஸ்னா உபுண்டுல இருந்து வர்றது. ரெண்டையும் மாத்தணும், பாதி பேர் மெயினை மட்டும் மாத்திட்டு இன்னும் ஸ்லோவா இருக்கேன்னு கேப்பாங்க. கனமான பேக்கேஜ் நிறைய வர்றதே பேஸ்ல இருந்துதான்.

வரியை கிளிக் பண்ணினா ஸ்பீட் டெஸ்ட் தானா ஓடும், கொஞ்சம் பொறுத்து லிஸ்ட்ல மேல வர்றதை எடுங்க. மாத்தின பிறகு மேல ஒரு பட்டை வந்து கேஷை அப்டேட் பண்ணச் சொல்லும், அதை ஓகே பண்ணாம ஜன்னலை மூடினா பழைய லிஸ்ட்டே இருக்கும்.

அதே ஜன்னல்ல பிபிஏனு ஒரு டேப் இருக்கு. இன்னைக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. பழைய உபுண்டு வெர்ஷனுக்கு எழுதின பிபிஏவை சேத்துட்டா அடுத்த அப்டேட்ல இருந்து எரர்தான். ஏற்கனவே சேத்துட்டீங்கன்னா முதல்ல அதை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு, மெயின்டனன்ஸ் டேப்ல ஃபாரின் பேக்கேஜ்களை டவுன்கிரேட் பண்ற பட்டன் இருக்கு, அதை உபயோகிங்க.

5. அப்டேட் மேனேஜர், முடிச்சிட்டு ரீஸ்டார்ட்

முதல் தடவை திறந்தா ஒரே ஒரு அப்டேட்தான் காட்டும், அது அப்டேட் மேனேஜரோட சொந்த அப்டேட். அதைப் போட்டதும் நிஜ லிஸ்ட் வரும். அவ்வளவுதானான்னு மூடிட்டுப் போனவங்க இருக்காங்க.

இன்ஸ்டால் ஓடுறப்ப சாஃப்ட்வேர் மேனேஜர், சினாப்டிக்னு சாஃப்ட்வேர் போடுற டூல் எதையும் திறந்து வைக்காதீங்க. உள்ளுக்குள்ள எல்லாமே ஒரே பேக்கேஜ் சிஸ்டத்தைத்தான் உபயோகிக்குது, ஒருத்தர் பூட்டு போட்டிருக்கிறப்ப இன்னொருத்தர் வந்தா காத்திருக்கும் இல்ல எரர் காட்டும். அந்த நேரத்துல தொங்குதுன்னு நினைச்சு பவர் பட்டனை அமுக்குறதுதான் ஆபத்து. நடுவுல "கான்ஃபிகரேஷன் ஃபைலை மாத்தலாமா"ன்னு கேட்டா, என்னன்னு தெரியாதப்ப இருக்கிறதையே வச்சுக்கச் சொல்லிடுங்க.

முடிஞ்சதும் ரீஸ்டார்ட். புது கெர்னல் (சிஸ்டத்தோட அடிப்படை புரோகிராம்) வந்திருக்கும், பழைய கெர்னல் ஓடிக்கிட்டிருக்கும்போதே டிரைவர் போட்டா எதுல எது உக்காந்துச்சுன்னு பிரச்சனை வந்தா கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் ப்ரிஃபரன்ஸஸ்ல ஆட்டோமேஷன் டேப்ல பழைய கெர்னலை தானா எடுத்துடுற ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணி வைங்க. டிஸ்க் ரொம்பறதுக்கு டைம்ஷிஃப்ட்டுக்கு அடுத்த காரணம் அதுதான்.

6. டிரைவர் மேனேஜர்

இப்ப வைஃபை, கிராபிக்ஸ் ரெண்டும் நல்லா ஓடுதான்னு பாருங்க. ஓடுதுன்னா, என்விடியா கார்டும் இல்லன்னா, இந்தப் படியே வேண்டாம். இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸுக்கு டிரைவர் கெர்னலோடயே வருது, டிரைவர் மேனேஜர் காலியா இருக்கும். விண்டோஸ் பழக்கத்துல டிரைவர் தேடி வெப்சைட் வெப்சைட்டா அலையாதீங்க.

என்விடியா இருந்தா நாலஞ்சு வெர்ஷன் காட்டும். ரெகமண்டட்னு போட்டிருக்கிறதை எடுங்க, பெரிய நம்பர்னா நல்லதுன்னு கிடையாது, பழைய கார்டுக்கு புது டிரைவர் சப்போர்ட் இருக்காது. போடறதுக்கு முன்னாடி "டிரைவருக்கு முன்"னு இன்னொரு ஸ்நாப்ஷாட் எடுங்க. அப்ளை, ரீஸ்டார்ட்.

செக்யூர் பூட் (கையெழுத்து இருக்கிறதை மட்டும் லோட் பண்ண விடுற பயாஸ் செட்டிங்) ஆன்ல இருந்தா இங்க ஒரு பொறி இருக்கு. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், அது உங்க லாகின் பாஸ்வேர்ட் கிடையாது, ஒரே ஒரு தடவை தேவைப்படுற தற்காலிகப் பாஸ்வேர்ட். ரீஸ்டார்ட் ஆனதும் நீல ஸ்க்ரீன் வரும், பத்து செகண்ட் எண்ணும், அதுக்குள்ள ஒரு கீயை அமுக்கி என்ரோல் எம்ஓகேங்கிற வரியை எடுத்து அந்தப் பாஸ்வேர்டைப் போடணும். நீல ஸ்க்ரீனைப் பாத்ததும் விண்டோஸ் ஞாபகம் வந்து பயந்து என்டர் தட்டினா "கன்டின்யூ பூட்"னு போயிடும், டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஆனா லோட் ஆகாது, ஸ்க்ரீன் ரெசல்யூஷன் கேவலமா இருக்கும். அந்தப் பாஸ்வேர்டை சின்ன எழுத்துல எட்டு கேரக்டர் போல சிம்பிளா வைங்க, அங்க கீபோர்ட் லேஅவுட் அமெரிக்கன்தான்.

நெட்டே இல்லாம வைஃபை டிரைவர் வேணும்னா இன்ஸ்டால் பென்டிரைவை செருகுங்க, பிராட்காம் மாதிரி சிலதை அதுல இருந்தே எடுத்துக்கும். இல்லன்னா போன் டெதரிங்.

7. டி டிரைவ், ஈ டிரைவ்: டிஸ்க்ஸ் டூல்

இரண்டாவது பார்ட்டிஷன் ஒவ்வொரு தடவையும் தானா திறக்கணும்னா டிஸ்க்ஸ் திறங்க, இடதுல டிஸ்க், வலதுல பார்ட்டிஷன், கீழ பல்சக்கர ஐகான், அதுல எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ். அதே மெனுவுல ஃபார்மட் பார்ட்டிஷனும் இருக்குங்கிறதை மறக்காதீங்க. பார்ட்டிஷன் சைஸை சத்தமா படிச்சிட்டு கிளிக் பண்ணுங்கன்னு நான் சொல்லிக் குடுக்கிறவங்க கிட்ட சொல்லுவேன், சிரிப்பாங்க, ஆனா ஒருத்தர் கல்யாண வீடியோ இருந்த பார்ட்டிஷனை அழிச்சதுக்கு அப்புறம்தான் இப்படிச் சொல்ல ஆரம்பிச்சேன்.

யூசர் செஷன் டிஃபால்ட்ஸ ஆஃப் பண்ணினா கீழ இருக்கிறது எல்லாம் திறக்கும். ஐடென்டிஃபை ஆஸ்ங்கிற இடத்துல யூயுஐடி இருக்கிற வரியை எடுங்க. எஸ்டிபி1 மாதிரி பேரை எடுத்தா, நாளைக்கு ஒரு பென்டிரைவ் செருகி பூட் பண்ணினா பேர் மாறிடலாம், யூயுஐடி அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் பண்ற வரைக்கும் மாறாது. ஆப்ஷன் வரியில நோஃபெயில்னு ஒரு வார்த்தை ஏற்கனவே இருக்கும், அதை அழிக்கவே கூடாது. அது இல்லாம அந்த டிஸ்க்கை கழட்டிட்டீங்கன்னா சிஸ்டம் அதைத் தேடித் தேடி கடைசியில எமர்ஜென்சி மோட்ல போய் நிக்கும்.

பார்ட்டிஷன் திறக்குது ஆனா எழுத முடியலன்னா தப்பு மிண்ட்ல இல்ல. விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணினாலும் அது முழுசா தூங்காது, பாதி ஹைபர்நேட் நிலையில என்டிஎஃப்எஸ்ஸை விட்டுட்டுப் போகும், மிண்ட் டேட்டா கெட்டுடும்னு ரீட் ஒன்லியா திறக்கும். விண்டோஸுக்குள்ள போய் பவர் ஆப்ஷன்ஸ்ல அதை ஆஃப் பண்ணிட்டு வாங்க.

8. அஞ்சரை மணி நேரக் குழப்பம்

டூயல் பூட்ல விண்டோஸ் நேரம் சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி போகுதுன்னா பேட்டரி மாத்த கடைக்கு ஓடாதீங்க. மதர்போர்ட் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமா வைக்குது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு படிக்குது, நம்ம ஊர் வித்தியாசம் 5:30, அவ்வளவுதான். டேட் அண்ட் டைம் டூல்ல டைம்ஜோன் கொல்கத்தாவும் நெட்வொர்க் டைமும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அடிப்படைச் சண்டையைத் தீர்க்க அந்த டூல்ல பட்டன் கிடையாது, டெர்மினல்ல ஒரு வரி போடணும். டெர்மினல் இல்லாமன்னு தலைப்புல எழுதிட்டேன், இந்த ஒரு இடத்துல மட்டும் என்னை மன்னிச்சு விட்டுடுங்க.

9. தமிழ் டைப்பிங்

கீபோர்ட் செட்டிங்ஸ்ல லேஅவுட் சேக்குற இடத்துலயே தமிழ்99 பேர்ல நாலஞ்சு வரி இருக்கும். அதுல டேப், டிஸ்கினு போட்டிருக்கிற பழைய என்கோடிங்கை எடுத்துட்டு கட்டம் கட்டமா வருதேன்னு புலம்புறவங்க நிறைய. யூனிகோட் வரியை எடுத்தாலும் அது ஒரு கீக்கு ஒரு எழுத்துன்னு போற எளிய லேஅவுட், புள்ளி அழுத்தாம அம்மான்னு அடிக்கிற மாதிரி தமிழ்99ல பழகின தானியங்கிப் புள்ளியெல்லாம் எதிர்பாக்காதீங்க.

அதனால நான் ஐபஸ்ங்கிற டைப்பிங் டூல் வழிதான் சொல்லுவேன். சினாப்டிக்ல ஐபஸ் எம்17என் பேக்கேஜைத் தேடிப் போடுங்க. இன்புட் மெத்தட் டூல்ல ஐபஸ் தேர்ந்தெடுங்க. லாகவுட் பண்ணி உள்ள வாங்க, இதைச் செய்யாம ஐகான் வரலன்னு மறுபடி மறுபடி இன்ஸ்டால் பண்றாங்க. இன்புட் மெத்தட் செஷன் ஆரம்பிக்கும்போதுதான் ஏறும், நடுவுல ஏறாது. அப்புறம் ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸ்ல தமிழைச் சேருங்க, தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர்னு வரும். சூப்பர் கீயும் ஸ்பேஸும் சேத்து அமுக்கினா மாறும்.

ரெண்டு வழியையும் ஒரே நேரத்துல வைக்காதீங்க. லேஅவுட்லயும் தமிழ், ஐபஸ்லயும் தமிழ்னு இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி என்ன அடிச்சாலும் வேற எழுத்து வரும். முக்கியமா லாகின் பாஸ்வேர்ட் தமிழ் லேஅவுட்ல போய் மாட்டும்.

சிஸ்டம் மொழியை தமிழாக்குறது உங்க விருப்பம். என்னைக் கேட்டா முதல் ரெண்டு மாசம் இங்கிலீஷ்லயே விடுங்க, எரர் மெசேஜை தேடுறதுக்கு அதுதான் சௌகரியம்.

10. யூசர், லாகின்

வீட்ல பசங்களுக்கு யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்ல தனி அக்கவுண்ட், டைப் ஸ்டாண்டர்ட். அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தா ரெண்டாவது படியில சொன்ன பாஸ்வேர்ட் வேலிக்கு அர்த்தமே இல்ல.

லாகின் விண்டோ டூல்ல ஆட்டோமேட்டிக் லாகின் ஆன் பண்ணினா, ஒவ்வொரு தடவை சிஸ்டம் ஆன் பண்ணி முதல்ல குரோம் திறக்கும்போதும் கீரிங் பாஸ்வேர்ட் கேக்கும். சேமிச்ச பாஸ்வேர்டுகள் இருக்கிற பெட்டி உங்க லாகின் பாஸ்வேர்டாலதான் திறக்குது, நீங்க அதை டைப் பண்ணவே இல்லன்னா எப்படித் திறக்கும்? ஒண்ணு ஆட்டோ லாகினை எடுங்க, இல்ல ஒரு தடவை கேக்குறதை சகிச்சுக்கோங்க. கீரிங் பாஸ்வேர்டை காலியா வைக்கிற குறுக்குவழி எல்லாரும் சொல்லுவாங்க, லேப்டாப்பை வெளிய எடுத்துட்டுப் போறவங்க அதைப் பண்ணாதீங்க.

11. பிரிண்டர்

வைஃபை பிரிண்டர்னா ஆன் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க, பெரும்பாலும் தானா லிஸ்ட்ல வந்துடும். அவசரப்பட்டு ஆட் பட்டனை அமுக்கினா ஒரே பிரிண்டர் ரெண்டு பேர்ல நிக்கும், எது வேலை செய்யுதுன்னு குழப்பம்.

பழைய யுஎஸ்பி பிரிண்டர்தான் தலைவலி. ஹெச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி மாடலுக்கு ஹெச்பிலிப்ங்கிற ஹெச்பி டிரைவரோட பிளக்இன் தனியா இறங்கணும், ஏன்னா பிரிண்டரை ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் ஃபர்ம்வேரை கம்ப்யூட்டர்தான் அனுப்பணும். நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைகள்ல பாக்குற கேனான் எல்பிபி 2900க்கு கேப்ட் டிரைவர் தனியா போடணும், பிரிண்டர்ஸ் டூல்ல பக்கத்து மாடலை எடுத்து ஒப்பேத்த முடியாது. பிரிண்டர் வேலைக்கே மெஷின் வாங்குறவங்க இதை இன்ஸ்டாலுக்கு முன்னாடியே லைவ் பென்டிரைவ்ல செருகிப் பாத்துடறது நல்லது.

12. ஃபயர்வால், ஸ்டார்ட்டப்

ஃபயர்வால் டூல் ஆஃப்லதான் வரும். ஸ்டேட்டஸ் ஆன், இன்கமிங் டினை, அவுட்கோயிங் அலவ், வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் அனுப்புற வார்ப்பினேட்டர் வேலை செய்யலன்னா 42000, 42001 போர்ட்டுக்கு ரூல் சேருங்க. அவுட்கோயிங்கையும் டினை பண்ணிட்டு நெட் போச்சுன்னு ரௌட்டரை ரீசெட் பண்ணினவர் ஒருத்தர் எனக்குத் தெரியும்.

ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ்ல என்னன்னு தெரியாததை ஆஃப் பண்ணாதீங்க. பாஸ்வேர்ட் ஜன்னலைக் காட்டுற போல்கிட் ஏஜெண்டை ஆஃப் பண்ணிட்டா அப்புறம் எந்த டூலும் பாஸ்வேர்டே கேக்காது, வேலையும் செய்யாது.

13. உடைஞ்சா

பாஸ்வேர்ட் கேக்காத வகை உடைஞ்சிருந்தா, அதாவது பேனல், ஆப்லெட், டெஸ்க்டாப்: பேனல்ல ரைட் கிளிக், ட்ரபிள்ஷூட், அதுல எல்லா செட்டிங்கையும் டிஃபால்ட்டுக்கு கொண்டு போற ஆப்ஷன். பேனலே இல்லன்னா புதுசா ஒரு யூசர் போட்டு உள்ள போய்ப் பாருங்க, அங்க நல்லா இருந்தா கோளாறு உங்க ஹோம் ஃபோல்டர்லதான்.

கேக்கிற வகை உடைஞ்சு டெஸ்க்டாப் வருதுன்னா டைம்ஷிஃப்ட் திறந்து கடைசி நல்ல ஸ்நாப்ஷாட், ரீஸ்டோர். டெஸ்க்டாப்பே வரலன்னா முதல்ல பூட் ஆகும்போது எஸ்கேப், பழைய மெஷின்னா ஷிஃப்ட், கிரப்ங்கிற பூட் மெனுவுல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னலை எடுத்துப் பாருங்க. அதுவும் ஆகலன்னா பென்டிரைவ்ல பூட் பண்ணி அதுல இருக்கிற டைம்ஷிஃப்ட்டைத் திறங்க. அது காலியா காட்டும், பயப்படாதீங்க, பென்டிரைவ்ல ஓடுறதால உங்க டிஸ்க் எதுன்னு அதுக்குத் தெரியல. செட்டிங்ஸ்ல லொகேஷனை உங்க ரூட் பார்ட்டிஷனுக்கு மாத்தினா நீங்க எழுதின "டிரைவருக்கு முன்" அங்க இருக்கும். ரீஸ்டோர் பண்றப்ப டார்கெட் டிவைஸ்ல பென்டிரைவ் இல்லாம அதே ரூட் பார்ட்டிஷன் இருக்கான்னு ரெண்டு தடவை பாத்துட்டு நெக்ஸ்ட் குடுங்க.